பலூனில் ஒரு நீர்கட்டி

கிருஷ்ணகிரியிலிருந்து ஓசூருக்குப் பேருந்தில் வேலைக்குச் சென்றுவரும் ஆசிரியர்கள் பலருக்கும் ஓர் அனுபவம் பொதுவானது. சூளகிரி தாண்டியதும் சன்னல் வழியே வரும் காற்று மாறிவிடும். கிருஷ்ணகிரியில் தேவைப்படாத சால்வை ஓசூரில் தேவைப்படும். கிருஷ்ணகிரி நகரம் கடல்மட்டத்திலிருந்து சுமார் 500 மீட்டர் உயரத்தில் உள்ளது. ஓசூர் சுமார் 900 மீட்டர். ஒரு கிலோமீட்டர் உயரத்துக்குச் சராசரியாக 6.5 டிகிரி செல்சியஸ் வீதம் வெப்பநிலை குறைகிறது என்று பாடநூலில் சொல்லித் தருகிறோம். அதன்படி 400 மீட்டர் ஏற்றத்துக்கு 2.6 டிகிரி குறைய வேண்டும். காற்றழுத்தமும் ஏறத்தாழ 955 ஹெக்டோபாஸ்கலிலிருந்து 910க்கு இறங்கிவிடும். ஓசூரில் தண்ணீர் 97 டிகிரியிலேயே கொதித்துவிடுவதற்கு இதுதான் காரணம்.

பேருந்து மூச்சு வாங்கி ஏறும் இந்த 400 மீட்டரை ஒரு வானிலைப் பலூன் ஒன்றரை நிமிடத்துக்குள் ஏறிவிடும். நொடிக்கு சுமார் 5 மீட்டர் என்பது அதன் வேகம். ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் அப்படியே ஏறிக்கொண்டிருக்கும். நமக்கு மிக அருகில் பெங்களூரிலும், தமிழ்நாட்டில் சென்னை மீனம்பாக்கத்திலும், அதையடுத்துக் காரைக்காலிலும் இந்திய வானிலை ஆய்வுத் துறையின் மேல்வளிமண்டல நிலையங்கள் இருக்கின்றன. உலகம் முழுவதும் இத்தகைய நிலையங்கள் ஒரே நேரக் கணக்கை வைத்துப் பலூன் விடுகின்றன. இந்திய நேரப்படி காலை 5.30, மாலை 5.30 ஆகியவை அந்தக் கணக்கு நேரங்கள்.

அந்தப் பலூனில் தொங்கும் சின்னப் பெட்டியின் பெயர் ரேடியோசோண்டு. அதற்குள் நடக்கும் ஒரே ஒரு வேலையைப் பற்றியது இந்தக் கட்டுரை. அதில் வெப்பநிலை, ஈரப்பதம், அழுத்தம் என்று அளப்பதற்குப் பல உணரிகள் உண்டு. ஆனால் சேதி அனுப்பும் வானொலி ஒன்றுதான். அளந்து எண்ணாக மாற்றும் சுற்றும் பெரும்பாலும் ஒன்றுதான். பலர் பேச வேண்டும், வாய் மட்டும் ஒன்று. இது எப்படி நடக்கிறது?

முதல் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை ஏதேனும் ஒரு வடிவில் இந்தக் கேள்வியைக் கொண்டுபோக முடியும். கைபேசி, வாகன உதிரிபாகம், மின்சார ஸ்கூட்டர் என்று எல்லைப்புறத் தொழிற்சாலைகளில் இன்று மின்னணுச் சுற்றுகளைப் பொருத்தும் கைகளில் பல நம் மாணவர்களின் பெற்றோருடையவை, அக்காக்களுடையவை. அந்தச் சுற்றுகள் ஒவ்வொன்றிலும் இந்த வேலை நடக்கிறது. பொருத்தத் தெரிந்த கைகளுக்குப் புரியவும் வேண்டும் அல்லவா?

மடையும் முறையும்

ஏரிப்பாசனம் உள்ள நம் ஊர்களில் நீர்கட்டி என்று ஒருவர் இருப்பார். எல்லைக்கு அந்தப் பக்கம் கன்னடத்தில் அவரை நீருகண்டி என்பார்கள். வாய்க்கால் ஒன்று, வயல்கள் பல. எல்லோரும் ஒரே நேரத்தில் மடையைத் திறந்தால் கடைமடைக்குத் தண்ணீர் போய்ச் சேராது. அதனால் அவர் முறை வைக்கிறார். இந்த வயலுக்கு இவ்வளவு நேரம், அடுத்து அந்த வயல், எல்லாம் முடிந்தால் மறுபடி முதல் வயல்.

ரேடியோசோண்டுக்குள்ளும் ஒரு நீர்கட்டி இருக்கிறார். தண்ணீர் ஓடும் திசை மட்டும் தலைகீழ். வயல்களிலிருந்து, அதாவது உணரிகளிலிருந்து, ஒரே வாய்க்காலுக்கு மின்குறிகை வருகிறது. முதலில் வெப்பநிலை உணரியின் மடை திறக்கும். அளவு போய்ச் சேரும். அது மூடும், ஈரப்பத உணரியின் மடை திறக்கும். பிறகு அழுத்தம். பிறகு, மதிப்பு முன்பே தெரிந்த ஒரு மின்தடை அல்லது மின்தேக்கி. பிறகு மறுபடி வெப்பநிலை. இவ்வாறு இணைப்பை மாற்றிக்கொண்டே இருப்பதைத்தான் பொறியியலில் மல்டிபிளெக்சிங் என்கிறார்கள். நாம் பல்முறை இணைப்பு என்று சொல்லிக்கொள்ளலாம்.

அளவு முன்பே தெரிந்த ஒன்றை எதற்காக மறுபடி மறுபடி அளக்க வேண்டும்? மாணவர்களிடம் இந்தக் கேள்வியைக் கேட்டுவிட்டுச் சிறிது நேரம் காத்திருங்கள். பதிலுக்குப் பின்னால் வருகிறேன்.

காற்றும் கடிகாரமும் சுழற்றிய காலம்

வானொலி மூலம் வானிலை அளவுகளை அனுப்பும் பலூன்கள் 1929இல் பிரான்சில் ராபர்ட் பியூரோ, 1930 ஜனவரி 30 அன்று ரஷ்யாவில் பாவெல் மொல்சானோவ், 1931இல் பின்லாந்தில் வில்ஹோ வைசாலா ஆகியோரின் முயற்சியில் அடுத்தடுத்து வானேறின. அன்று மின்னணுச் சாவி கிடையாது. வைசாலா, பலூன் ஏறும்போது எதிர்ப்படும் காற்றில் சுழலும் ஒரு சின்னக் காற்றாடியைப் பொருத்தினார். அது சுழலச் சுழல, ஒரு சுழல்சாவி உணரிகளை ஒவ்வொன்றாக வானொலிச் சுற்றுடன் இணைத்தது.

அமெரிக்காவில் 1930களின் பிற்பகுதியில் வேறொரு வழி கண்டார்கள். காற்று நீக்கிய உலோகப் பெட்டி, வெளியழுத்தம் குறையக் குறைய விரியும். அந்த விரிவு ஒரு முள்ளை நகர்த்தும். முள், கடத்தும் பட்டைகளும் கடத்தாப் பட்டைகளும் மாறி மாறி அடுக்கப்பட்ட ஒரு சீப்பின் மீது ஊர்ந்து செல்லும். கடத்தாப் பட்டையில் நின்றால் வெப்பநிலை, கடத்தும் பட்டையில் நின்றால் ஈரப்பதம், குறிப்பிட்ட சில பட்டைகளில் ஒப்பீட்டு மின்தடை. எத்தனை பட்டை கடந்தது என்று தரையில் எண்ணினாலே அழுத்தம் தெரிந்துவிடும். சாவியே அழுத்த உணரியாகவும் வேலை செய்த இந்த ஏற்பாட்டுக்கு பாரோசுவிட்ச் என்று பெயர்.

இந்தியாவும் சும்மா இருக்கவில்லை. 1940களில் இந்திய வானிலை ஆய்வுத் துறை தனக்கென இரண்டு வகைகளை உருவாக்கிக்கொண்டது. டெல்லியில் உருவானது கடிகார வகை. கடிகாரப் பொறி ஒன்று சாவியைச் சுழற்றியது. புனேயில் உருவானது விசிறி வகை. எஸ்.பி. வெங்கிடேசுவரன் முதலியோர் உழைப்பில் வந்த இந்தக் கருவியில், பலூன் ஏறும்போது விசிறி சுற்றி இணைப்புகளை மாற்றியது. கடிகாரத் தொழிற்சாலைக்குப் பேர்போன ஓசூரில், வானிலைக் கருவிக்குள்ளும் ஒரு காலத்தில் கடிகாரம் டிக்டிக் என்று ஓடியது என்பதைச் சொன்னால் பிள்ளைகள் நிமிர்ந்து உட்காருவார்கள்.

இக்கருவிகள் தந்த மேல்காற்று அளவுகள் வீண் போகவில்லை. தென்மேற்குப் பருவக்காற்றுக் காலத்தில் தென்னிந்தியாவுக்கு மேலே மிக உயரத்தில் கிழக்கிலிருந்து வேகமாக வீசும் ஜெட் காற்றோட்டத்தை 1950களில் பி. கோடீசுவரம் எடுத்துக்காட்டினார். ஆடி மாதம் பெங்களூரில் விடும் பலூன் முதலில் மேல்காற்றில் சிக்கி ஓசூர், கோலார் பக்கமாகக் கிழக்கே நகரும். ஏறத்தாழ 10 கிலோமீட்டரைக் கடந்ததும் அந்தக் கீழ்க்காற்று பிடித்து அதை மேற்கே திருப்பிவிடும்.

இயந்திரச் சாவிகளின் குறைகளும் பாடம்தான். தொடுமுனையில் தூசியோ துருவோ படிந்தால் இணைப்பு கெடும். எண்ணெய் குளிரில் உறைந்தால் சுழற்சி நிற்கும். நம் பகுதிக்கு மேலே 16, 17 கிலோமீட்டர் உயரத்தில் வெப்பநிலை மைனஸ் 80 டிகிரி வரை இறங்கும். பாரோசுவிட்சுக்கு இன்னொரு சிக்கலும் உண்டு. கடல்மட்டத்தருகே 8 மீட்டர் ஏறினாலே அழுத்தம் 1 ஹெக்டோபாஸ்கல் குறைந்துவிடும். 20 கிலோமீட்டர் உயரத்தில் அதே 1 ஹெக்டோபாஸ்கல் குறைய 110 மீட்டருக்கு மேல் ஏற வேண்டும். ஆக, உயரம் கூடக்கூட முள் நகர்வது சோம்பலாகிக்கொண்டே போகும்.

அசையாத சாவி

குறைக்கடத்திச் சாவி வந்தபின் இந்தத் தொல்லைகள் தீர்ந்தன. மாஸ்ஃபெட் என்னும் டிரான்சிஸ்டரில் இரண்டு முனைகளுக்கு இடையே மின்னோட்டப் பாதை உண்டு. மூன்றாவது முனைக்குப் பெயரே கேட், அதாவது வாயில். அந்த வாயிலில் மின்னழுத்தம் கொடுத்தால் பாதை திறக்கும், எடுத்தால் அடைபடும். அசையும் பகுதி எதுவும் இல்லை, தேய்மானமும் இல்லை. ஒரு நொடியில் ஆயிரக்கணக்கான முறை திறந்து மூடலாம்.

கடைகளில் கிடைக்கும் சிடி 4051 என்ற ஐசியில் இத்தகைய எட்டு மடைகள் உள்ளன. எட்டையும் ஆட்டிவைக்க எட்டுக் கம்பிகள் தேவையில்லை, மூன்று போதும். மூன்று கம்பிகளிலும் 0 என்றால் முதல் மடை. 001 என்றால் இரண்டாவது. 111 என்றால் எட்டாவது. 2 × 2 × 2 = 8. இரும எண்கள் எதற்கு என்று கேட்கும் மாணவருக்கு இதைவிட நேரான விடை இல்லை. நம் பள்ளிகள் பலவற்றில் இருக்கும் ஆர்டுயினோ யூனோ பலகையிலும் இதைக் காணலாம். ஆறு அனலாக் உள்ளீடுகள் இருந்தாலும் அதன் உள்ளே அளவை எண்ணாக மாற்றும் சுற்று ஒன்றே. ஆறு பேரும் அதனிடம் வரிசையில்தான் நிற்கிறார்கள்.

1981இல் வைசாலா நிறுவனம் வெளியிட்டு உலகெங்கும் பறந்த ஆர்எஸ் 80 என்ற கருவியில் வெப்பநிலை, ஈரப்பதம், அழுத்தம் மூன்றுக்கும் மின்தேக்கி வகை உணரிகள் இருந்தன. மின்னணுச் சாவி அவற்றையும், மதிப்பு தெரிந்த மின்தேக்கிகளையும் ஒரே அலையியற்றியுடன் மாற்றி மாற்றி இணைத்தது. ஒரு முழுச் சுற்றுக்குச் சுமார் ஒன்றரை வினாடி. அதாவது பலூன் 7, 8 மீட்டர் ஏறுவதற்குள் எல்லோரும் ஒருமுறை பேசி முடித்துவிடுவார்கள். சுற்று ஒன்றுக்கு 20 வினாடி ஆகிற ஒரு கருவியை எண்ணிப் பாருங்கள். 100 மீட்டருக்கு ஓர் அளவுதான் கிடைக்கும். மார்கழிக் காலையில் ஓசூர் நெடுஞ்சாலையை மூடும் பனிமூட்டத்துக்குக் காரணமான வெப்பநிலைத் தலைகீழ் அடுக்கு சில நேரம் அந்த 100 மீட்டருக்குள்ளேயே ஒளிந்துகொண்டிருக்கும்.

நீர்கட்டிக்குத் தெரிந்த மூன்று விஷயங்கள்

மின்னணுச் சாவி குறையற்றது என்று நினைத்துவிடக் கூடாது. அதன் குறைகளை வெல்லும் வழிகளில்தான் அறிவியல் இருக்கிறது.

முதலாவது, வாய்க்காலில் தங்கிய பழைய தண்ணீர். ஒரு வயலின் மடையை அடைத்து அடுத்ததைத் திறந்தால் முதலில் வருவது வாய்க்காலில் மிச்சமிருந்த நீர். மின்சுற்றிலும் சிறு மின்தேக்குத்திறன் எப்போதும் உண்டு. அதில் முந்தைய உணரியின் மின்னழுத்தம் சற்று நேரம் தங்கியிருக்கும். சாவி மாறியதும் உடனே அளந்தால், ஈரப்பதத்தின் அளவில் வெப்பநிலையின் நிழல் விழும். அதனால் மாற்றியபின் சிறிது காத்திருந்து அளக்கிறார்கள், அல்லது முதல் அளவை விட்டுவிட்டு இரண்டாவதை எடுக்கிறார்கள்.

இரண்டாவது, மடையே சிறிது தடுக்கும். திறந்த மாஸ்ஃபெட் பாதைக்கும் மின்தடை உண்டு. 5 வோல்ட்டில் வேலை செய்யும் சிடி 4051இல் அது சில நூறு ஓம் வரை இருக்கும். 300 ஓம் என்று கொள்வோம். 25 டிகிரியில் 10,000 ஓம் காட்ட வேண்டிய தெர்மிஸ்டர் இப்போது 10,300 காட்டும். பிழை 3 விழுக்காடு. இத்தகைய தெர்மிஸ்டரின் மின்தடை ஒரு டிகிரிக்கு ஏறத்தாழ 4.4 விழுக்காடு மாறும். எனவே வெப்பநிலையில் பிழை சுமார் 0.7 டிகிரி. நம் கிருஷ்ணகிரி–ஓசூர் வேறுபாட்டில் கால் பங்குக்கு மேல் சாவியே தின்றுவிட்டது!

மூன்றாவது, அடைத்த மடையின் கசிவு. மேலே மைனஸ் 60, 70 டிகிரியில் தெர்மிஸ்டரின் மின்தடை பத்து லட்சம் ஓமையும் தாண்டும். அங்கே சாவியின் 300 ஓம் ஒரு பொருட்டே இல்லை. ஆனால் அடைத்திருக்கும் மற்ற சாவிகள் வழியே கசியும் மிகச் சிறு மின்னோட்டம் பெரும் பிழையாகிவிடும். கீழே ஒரு குறை, மேலே வேறு குறை.

இப்போது அந்தப் பழைய கேள்விக்கு வரலாம். தெரிந்ததை எதற்கு அளக்க வேண்டும்? சரியாக 10,000 ஓம் உள்ள ஒப்பீட்டு மின்தடையும் அதே வகைச் சாவி வழியேதான் வருகிறது. அது 10,300 என்று வந்து சேர்ந்தால், நடுவழியில் 300 ஓம் சேர்ந்திருக்கிறது என்று தெரிந்துவிடும். எல்லா அளவுகளிலும் 300 ஓமைக் கழித்துவிடலாம். குளிரில் மின்கலம் தளர்ந்தாலும், அளக்கும் சுற்று சற்று விலகினாலும் ஒப்பீட்டு அளவு காட்டிக்கொடுத்துவிடும். மேலே போன கருவியைத் திரும்ப இறக்கிச் சரிபார்க்க முடியாது. அதனால் சரிபார்க்கும் படிக்கல்லையும் கூடவே அனுப்பிவைக்கிறார்கள்.

முறைவைத்தல் வேறொரு வகையிலும் உதவுகிறது. மேகத்துக்குள் புகும்போது ஈரப்பத உணரியின் மேல் நீரும் பனியும் படியும். மேகத்தைவிட்டு வெளியேறிய பின்னும் ஈரம் என்றே அது சொல்லிக்கொண்டிருக்கும். வைசாலாவின் பிற்காலக் கருவியான ஆர்எஸ் 92இல் இதற்காக இரண்டு ஈரப்பத உணரிகள் வைத்தார்கள். ஒன்று அளக்கும்போது மற்றதைச் சூடாக்கிப் பனியை நீக்கி ஆறவிடுவார்கள். பிறகு முறை மாறும். இன்றைய கருவிகள் பலவற்றில் உயரத்தையும் காற்றின் வேகத்தையும் ஜிபிஎஸ் தருகிறது. அந்த உயரத்திலிருந்தே அழுத்தத்தைக் கணக்கிட்டுக்கொள்வதும் உண்டு. திருவனந்தபுரம் விக்ரம் சாராபாய் விண்வெளி மையம் உருவாக்கிய ஜிபிஎஸ் கருவிக்கு வானிலை அறிஞர் பி.ஆர். பிஷாரடியின் பெயரையே வைத்து, பிஷாரடி சோண்டு என்றார்கள்.

அரை டிகிரியால் என்ன ஆகிவிடும்?

சித்திரை வைகாசியில் நம் மாவட்டத்தில் மாலை இடிமழை பெய்யும். சில நாள் ஆலங்கட்டியும் விழும். மாங்காய் உதிரும், தக்காளிச் செடி சாயும், ஓசூர்ப் பக்கம் ரோஜாப் பசுமைக்குடிலின் கூரை கிழியும். மின்னல் தாக்கி ஆடு மாடுகளும், சில நேரம் மனிதர்களும் மாண்டுபோவதைச் செய்தித்தாளில் பார்க்கிறோம். அன்று மாலை இடிமேகம் எழுமா என்பதைக் கணிக்க வானிலையாளர் பார்ப்பது காலையில் பலூன் தந்த வரைபடத்தைத்தான். தரையருகே காற்று எவ்வளவு ஈரம்? மேலே போகப்போக எவ்வளவு வேகமாகக் குளிர்கிறது? வெப்பநிலை பூச்சியமாகும் மட்டம் எங்கே? நம் பகுதியில் கோடையில் அது சுமார் 5 கிலோமீட்டர் உயரத்தில் இருக்கும். நடுவில் ஏதேனும் வெப்ப அடுக்கு மூடிபோல் மேகத்தைத் தடுக்கிறதா? இந்தக் கேள்விகளுக்கான விடை ஒன்றிரண்டு டிகிரியில் மாறிவிடக்கூடியது. வெப்பநிலை தரையருகே ஒரு டிகிரி தவறாக வந்தால், எழும் என்ற மேகம் எழாது என்று கணக்கு சொல்லக்கூடும்.

தொடக்க வகுப்புக்கு ஒரு விளையாட்டு

செலவில்லாத இந்த விளையாட்டுக்கு ஏழு குழந்தைகள் போதும். நான்கு பேர் கையில் அட்டை. வெப்பம், ஈரம், அழுத்தம் மூவரும் தங்களுக்குப் பிடித்த எண்ணை எழுதிக்கொள்வார்கள். நான்காவது குழந்தையின் அட்டையில் எப்போதும் 10. ஐந்தாவது குழந்தை நீர்கட்டி, கையில் அளவுகோல். ஆறாவது குழந்தை வானொலி. ஏழாவது குழந்தை கதவுக்கு வெளியே நோட்டுடன் நிற்கும் தரை நிலையம்.

முதல் சுற்றில் நால்வரும் ஒன்றாகக் கத்தட்டும். தரை நிலையத்தால் எதையும் எழுத முடியாது. இரண்டாம் சுற்றில் நீர்கட்டி தொடுபவர் மட்டும் மெல்லச் சொல்ல, வானொலி அதை உரக்கச் சொல்லட்டும். நான்கு எண்களும் ஒழுங்காகப் போய்ச் சேரும்.

மூன்றாம் சுற்றில் வானொலிக் குழந்தையின் காதில் மட்டும், கேட்கும் ஒவ்வோர் எண்ணுடனும் 2 சேர்த்துச் சொல் என்று சொல்லிவிடுங்கள். வெளியே நிற்பவருக்கு 10 வர வேண்டிய இடத்தில் 12 வரும். ஏதோ தவறு என்று அந்தக் குழந்தையே கண்டுபிடித்து, எல்லா எண்ணிலும் 2ஐக் கழிக்கும். அந்தக் கணத்தில் வகுப்பில் எழும் ஆரவாரத்தை நீங்களே பார்க்கலாம்.

நான்காம் சுற்றில் நீர்கட்டி ஒருவரைத் தவறவிடட்டும். 10 ஓரிடம் முன்னதாக வந்துவிடும். வரிசை பிசகியதை அதை வைத்தே அறியலாம். வெப்பத்தின் எண்ணும் 10 ஆகவே இருந்துவிட்டால்? குழந்தைகளே வழி சொல்வார்கள். சுற்று தொடங்கும்போது ஒரு கைதட்டல் வைத்துக்கொள்ளலாம் என்பார்கள். மெய்யான கருவியும் ஒவ்வொரு சுற்றின் தொடக்கத்திலும் அப்படி ஓர் அடையாளத்தை அனுப்புகிறது. தமிழ், தெலுங்கு, கன்னடம், உருது பேசும் குழந்தைகள் சேர்ந்திருக்கும் ஓசூர் வகுப்பில் ஒவ்வொருவரும் தம் மொழியில் எண் சொல்லலாம். ஒரே ஒலிபெருக்கியில் நான்கு மொழி அறிவிப்பும் முறைவைத்துத்தானே வருகிறது?

உயர்நிலை வகுப்புக்கு

அதே விளையாட்டை எட்டு முதல் பத்தாம் வகுப்பில் ஒரு படி உயர்த்தலாம். வானொலிக் குழந்தை 10ஐ 12 என்கிறது. 2 கூட்டியதா, 1.2ஆல் பெருக்கியதா? ஒரே ஒப்பீட்டு எண்ணை வைத்துச் சொல்ல முடியாது. இன்னொரு அட்டையில் 20 எழுதிச் சேருங்கள். அது 22 என்று வந்தால் கூட்டல், 24 என்று வந்தால் பெருக்கல். இரண்டும் கலந்திருந்தாலும் கண்டுபிடிக்கலாம். இரண்டு புள்ளிகள் ஒரு நேர்கோட்டைத் தீர்மானிக்கும் என்ற கணிதப் பாடம் இங்கே உயிர் பெறுகிறது.

கையில் சுற்று செய்ய ஒரு மல்டிமீட்டர், ஒரு 10 கிலோ ஓம் தெர்மிஸ்டர், 1 விழுக்காடு துல்லியமுள்ள ஒரு 10 கிலோ ஓம் மின்தடை, ஒரு 330 ஓம் மின்தடை, இணைப்புக் கம்பிகள் போதும். தெர்மிஸ்டர், ஒப்பீட்டு மின்தடை இரண்டின் ஒரு முனையையும் ஒன்றாக இணைத்து மல்டிமீட்டரின் ஒரு கம்பியில் சேருங்கள். மற்றக் கம்பியில் 330 ஓமைத் தொடராக இணையுங்கள். சாவியின் மின்தடைக்கு அது பதிலி. அந்த முனையால் இரண்டையும் மாறி மாறித் தொட்டு அளக்கச் சொல்லுங்கள்.

பனிக்கட்டி நீரிலும், அறை வெப்பநிலையிலும், 60 டிகிரி வெந்நீரிலும் அளந்து பட்டியலிடட்டும். தெர்மிஸ்டரின் முனைகள் நீரில் படாமல் பிளாஸ்டிக் உறையில் இட்டு அமிழ்த்த வேண்டும். தெர்மிஸ்டரின் மின்தடை பனிநீரில் 30,000 ஓமுக்கு மேலும், வெந்நீரில் 2,500 ஓம் அளவிலும் இருக்கும். அதே 330 ஓம் பனிநீரில் 0.2 டிகிரி பிழையைத்தான் தரும். அறையில் 0.7 டிகிரி. வெந்நீரிலோ மூன்றரை டிகிரி. ஒரே குறை, மூன்று விதமான பிழை. பிறகு ஒப்பீட்டு மின்தடையின் அளவைக் கொண்டு திருத்தட்டும். மூன்றும் சரியாகிவிடும். தொடரிணைப்பு, விழுக்காடு, பிழைக் கணக்கு மூன்றையும் ஒரே பாடவேளையில் தொட்டுவிடலாம்.

இங்கே ஒரு சொற்சிக்கலையும் கவனிக்க வேண்டும். பாடநூலில் திறந்த சாவி என்றால் மின்னோட்டம் செல்லாது, மூடிய சாவி என்றால் செல்லும். மடைக்கு நேர்மாறாகத் திறந்தால்தான் நீர் போகும். மாணவர் பலர் தடுமாறுவது இந்த இடத்தில்தான். இந்தக் கட்டுரையிலும் மடை உவமைக்காகத் திறத்தல் என்பதை மின்னோட்டம் செல்வதற்கே பயன்படுத்தியிருக்கிறேன். வகுப்பில் இரண்டு வழக்கையும் கரும்பலகையில் எதிரெதிரே எழுதி, எது வாய்க்காலுக்கு, எது மின்சுற்றுக்கு என்று தெளிவாக்கிவிட்டுத் தொடங்குங்கள்.

வயலில் கிடைத்தால்

பலூன் மேலே போகப்போக விரியும். தரையில் 2 மீட்டர் விட்டம் இருந்தால் 30 கிலோமீட்டர் உயரத்தில் ஏறத்தாழ 8 மீட்டராகும். பிறகு வெடித்துவிடும். பெட்டி சிறிய பாராசூட்டில் எங்கேனும் இறங்கும், நம் கேழ்வரகு வயலிலும் இறங்கலாம். வானிலிருந்து கம்பியும் பெட்டியும் விழுந்தால் ஊரில் அச்சம் பரவுவது இயல்பு. அப்போது பிள்ளைகள்தான் விளக்கிச் சொல்பவர்களாக இருக்க வேண்டும். மின்கம்பியில் தொங்கினால் யாரும் தொடக் கூடாது. பலூன் வெடிக்காமல் காற்றுடன் இருந்தால் நெருப்பை அருகே கொண்டுபோகக் கூடாது, உள்ளே ஹைட்ரஜன் இருக்கலாம். என்னவென்று தெரியாத எந்தப் பொருளையும் போலவே, முதலில் பெரியவர்களிடமும் காவல் நிலையத்திலும் சொல்ல வேண்டும்.

வானிலைப் பெட்டி என்று அவர்கள் உறுதிசெய்து, அதில் உள்ள குறிப்புப்படி வைத்துக்கொள்ளலாம் என்றால், வகுப்புக்குக் கொண்டுவாருங்கள். மூடியைத் திறந்து மாணவர்களிடம் ஒரு கேள்வி கேளுங்கள். இதில் வெப்பநிலையைச் சொல்வது எது, ஈரத்தைச் சொல்வது எது, இவர்கள் அனைவரையும் முறைவைத்துப் பேசவைப்பது எது? அந்தச் சின்னக் கறுப்பு ஐசியை விரல் வைத்துக் காட்டும் பிள்ளை, மறுநாள் தன் அம்மாவிடம் தொழிற்சாலையில் அவர் பொருத்துவது என்ன என்று கேட்கும். அந்த உரையாடல் வீட்டில் தொடங்கிவிட்டால் நம் பாடம் முடிந்தது என்று கொள்ளலாம்.